கோலாலம்பூர்ல தனியா இறங்கினேன், கார்டு வேலை செய்யல: வீக்கெண்ட் ட்ரிப்புக்கான முதல் 2 மணி நேரக் கணக்கு

ஃபோரெக்ஸ் மார்க்கப் பத்தி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா? வெளிநாட்டுல கிரெடிட் கார்டு தேய்ச்சா பெரும்பாலான கார்டுல 3.5 சதவீதம் மார்க்கப், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 4.13 சதவீதம் போயிடும்னு போர்டுல எழுதி எழுதிக் காட்டினேன். அந்த வீடியோ போட்ட ஆளு, அதாவது நான், கோலாலம்பூர் ஏர்போர்ட்ல ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல 21 சதவீதம் விட்டுட்டு வந்தேன். இத இவ்வளவு நாள் வெளிய சொல்லல. இப்ப உங்கள்ல நிறைய பேர் நீண்ட வார விடுமுறைக்கு டிக்கெட் பார்த்துட்டு இருப்பீங்க. அதனால சொல்லிடறேன்.

நடந்தது 2024ல. மலேசியா 2023 டிசம்பர் 1ல இருந்து நம்மளுக்கு 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம், ஆஃபீஸ்ல ஆளாளுக்குப் போயிட்டு வந்து போட்டோ போட்டுட்டு இருந்தாங்க. கூட வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டாங்க. டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் கிடையாது. சரி, தனியாவே போவோம்னு வெள்ளிக்கிழமை லாக்-அவுட் பண்ணிட்டு, முதுகுல 7 கிலோ பையோட சென்னை ஏர்போர்ட் போயிட்டேன்.

சனிக்கிழமை காலை 6.30க்கு கேஎல்ஐஏ டெர்மினல் 2ல இறங்கினேன். மலேசியா நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அதாவது என் உடம்புக்கு அது விடிகாலை 4 மணி. சீட்ல உட்கார்ந்தே தூங்கின கழுத்து வலி, கண்ணெரிச்சல். இந்த 4 மணி விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இமிக்ரேஷன்ல கூட்டம். அந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிட்டு, தனியா வந்திருக்கியா, யார் இருக்காங்க இங்க, எங்க தங்கறேன்னு வரிசையா கேட்டார். திரும்பற டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தேன், காட்டினேன், முத்திரை குத்திட்டார். இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் புத்திசாலி. விசா வேண்டாம்னா கேள்வியே கேட்க மாட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. தனியா வர்ற இளவட்டத்தைப் பார்த்தா, சுத்திப் பார்க்க வந்தானா, வேலை தேடி வந்தானான்னு அவங்களுக்குச் சந்தேகம் வரும். பதில் திருப்தியா இல்லைன்னா உள்ள விடாம அடுத்த விமானத்துல திருப்பி அனுப்பற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. அப்படி ஆனா மொத்த ட்ரிப் பணமும் போச்சு. அதனால திரும்பற டிக்கெட், தங்கற இடம், செலவுக்குப் பணம் இருக்குங்கறதுக்கு ஆதாரம், இந்த மூணும் பேப்பர்ல இருக்கட்டும். போன் சார்ஜ் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்?

ஒரு ஓடிபிக்காக

வெளிய வந்து ரயில் கவுன்டருக்குப் போனேன். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ், கேஎல் சென்ட்ரலுக்கு 55 ரிங்கிட். கார்டை நீட்டினேன். டிக்ளைன்ட். மறுபடியும். டிக்ளைன்ட். பின்னாடி வரிசை நீளுது. டெபிட் கார்டை எடுத்தேன். அதுவும் டிக்ளைன்ட்.

காரணம் ரொம்பச் சின்னது. 2020ல ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிப்படி, புதுசா கொடுக்கற கார்டு எதுலயும் வெளிநாட்டுப் பயன்பாடு தானா ஆன் ஆகி வராது. நாமதான் ஆப்ல போய் ஆன் பண்ணணும். பாதுகாப்புக்காக நல்ல விதிதான். என்னோட ரெண்டு கார்டும் அந்த வருஷம்தான் புதுப்பிச்சு வந்திருந்துச்சு. ரெண்டுலயும் ஆஃப்.

ஆன் பண்ணிட்டாப் போச்சுன்னு ஏர்போர்ட் வைஃபைல ஆப்பைத் திறந்தேன். ஓடிபி கேட்டுச்சு. ஓடிபி எங்க போகும்? என் இந்திய நம்பருக்கு. அந்த சிம்ல ரோமிங் கிடையாது, சிக்னலே இல்ல. ரோமிங் போடலாம்னு சிம் கம்பெனி ஆப்பைத் திறந்தேன். அதுவும் லாக்-இன் பண்ண ஓடிபி கேட்டுச்சு. பூட்டுக்குள்ள சாவியை வச்சுப் பூட்டின கதை.

பர்ஸ்ல இருந்தது 2,500 ரூபாய், இந்திய நோட்டு. பக்கத்துல இருந்த பணம் மாத்தற கவுன்டர்ல கொடுத்தேன். கொடுத்தது 110 ரிங்கிட். அன்னைக்கு ஒரு ரிங்கிட் சுமார் 18 ரூபாய். கணக்குப்படி 139 வரணும். கிட்டத்தட்ட 29 ரிங்கிட், நம்ம காசுல 520 ரூபாய், நின்ன இடத்துலயே போச்சு. அதான் அந்த 21 சதவீதம். கவுன்டர்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன். எல்லா ஊர் ஏர்போர்ட்லயும் ரேட் அப்படித்தான் இருக்கும், வேற வழி இல்லாதவன்தான் அங்க வருவான்னு அவங்களுக்குத் தெரியும்.

ரயிலை விட்டுட்டு, மாலுக்குக் கீழ முதல் தளத்துல இருக்கற பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கேஎல் சென்ட்ரலுக்கு 15 ரிங்கிட். ரயில்ல அரை மணி நேரம், பஸ்ல ஒரு மணி நேரம். உண்மையைச் சொன்னா பஸ் நல்லாவே இருந்துச்சு, நல்லாத் தூங்கினேன்.

"அம்பது வெள்ளி டெபாசிட் தம்பி"

ஹோட்டல் பிரிக்ஃபீல்ட்ஸ்ல. கேஎல் சென்ட்ரல்ல இருந்து நடக்கற தூரம், லிட்டில் இந்தியான்னு சொல்ற ஏரியா. பூக்கடை, வாழை இலை சாப்பாட்டுக் கடை, தமிழ்ப் பாட்டு சத்தம். ரிசப்ஷன்ல ஒரு அக்கா, தமிழ் பேசறவங்க. நான் புக் பண்ணும்போது "ஹோட்டல்ல போய் பணம் கட்டறேன்"னு போட்டிருந்தேன். 140 ரிங்கிட். அதுக்கு மேல வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. இது எந்த ஹோட்டல்ல தங்கினாலும் உண்டு, ஆப்ல காட்டற விலைல பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அதுக்கு அப்புறம் அவங்க சொன்னாங்க: "அம்பது வெள்ளி டெபாசிட் தம்பி, நாளைக்குத் திருப்பிக் கொடுத்துருவோம்."

ஒரு நிமிஷம் வெள்ளியான்னு முழிச்சேன். மலேசியத் தமிழர்களுக்கு ரிங்கிட்தான் வெள்ளி.

கையில 95 வெள்ளி. கட்ட வேண்டியது 200. என் முகத்தைப் பார்த்துட்டு அந்த அக்கா, "ரூம் மூணு மணிக்குத்தான் ரெடியாகும். பையை இங்க வச்சிட்டு போய் பசியாறிட்டு வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்"னாங்க. பசியாறறதுன்னா அங்க காலைச் சாப்பாடு. இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த ஊருக்கு மறுபடியும் போகலாம்னு அப்ப தோணிச்சு.

லாபி வைஃபைல கோயம்புத்தூர்ல இருக்கற என் தங்கச்சியைக் கூப்பிட்டேன். முதல் ரெண்டு நிமிஷம் அவ சிரிச்சா. "அண்ணா, ஊருக்கே எமர்ஜென்சி ஃபண்டு பத்தி வீடியோ போடற ஆளுதானே நீ?" அடுத்து அந்த அக்கா ரூம் வாடகைக்கு ஒரு பேமென்ட் லிங்க் அனுப்பினாங்க, தங்கச்சி கட்டினா. இதுல கவனிங்க: அவ கார்டுலயும் வெளிநாட்டுப் பயன்பாடு ஆஃப்லதான் இருந்துச்சு. ஆனா அவ ஊர்ல இருக்கா, ஓடிபி வருது, ஒரு நிமிஷத்துல ஆன் பண்ணிட்டா. வீட்ல உட்கார்ந்திருந்தா ஒரு நிமிஷ வேலை. அதே வேலை வெளிநாட்டுல போய் நின்னா நாள் பூரா ஆகும்.

வரிக்கு 10, டெபாசிட்டுக்கு 50 கொடுத்தேன். மிச்சம் 35 வெள்ளி. சனிக்கிழமை முழுசும் அதுலதான்.

முடியுமான்னு கேட்டா, கோலாலம்பூர்ல முடியும். மாமாக் கடைல ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், 6 வெள்ளி. கேஎல் சென்ட்ரல்ல இருந்து பத்துமலைக்கு கொம்யூட்டர் ரயில், ஒரு தடவைக்கு 3 வெள்ளிக்குள்ள. 272 படி, குகைக் கோயிலுக்குக் கட்டணம் இல்ல. 2006ல திறந்த அந்த 42.7 மீட்டர் முருகன் சிலை முன்னாடி நின்னு, "கார்டை ஆன் பண்ணிக் கொடு முருகா"ன்னு கேட்டேன். திரும்பி வந்து வாழை இலைச் சாப்பாடு 12 வெள்ளி. சாயந்திரம் எல்ஆர்டி பிடிச்சு கேஎல்சிசி பூங்கா, ட்வின் டவரைக் கீழ நின்னு பார்க்கக் காசு வேண்டாம், போக வர 5 வெள்ளி. ராத்திரி பொட்டலம் கட்டின நாசி லெமாக் 4 வெள்ளி. படுக்கும்போது 3 வெள்ளி கையில.

ஊர் பிடிச்சிருந்துச்சு. ஆனா நாள் முழுக்க மனசு பர்ஸுலயே இருந்துச்சு. தாகம் எடுத்தா தண்ணி பாட்டில் விலையைப் பார்த்தேன். ஒரு ரயிலை மாத்தி ஏறிட்டா திரும்பக் காசு இருக்குமான்னு பயந்தேன். கூட ஒரு ஆளு இருந்திருந்தா "டேய், ஒரு நூறு கொடு"ன்னு முடிஞ்சிருக்கும். தனியா போறதுல பெரிய செலவே இதுதான். உங்களுக்குப் பின்னாடி இன்னொரு பர்ஸ் கிடையாது.

ஞாயித்துக்கிழமை மதியம்தான் தோணிச்சு: தங்கச்சி அங்க இருந்தே என் நம்பருக்கு ரோமிங் பேக் போட்டிருக்கலாமே! போட்டா. கொஞ்ச நேரத்துல சிக்னல் வந்துச்சு, ஓடிபி வந்துச்சு, கார்டும் ஆன் ஆச்சு. அப்ப ஏர்போர்ட் கிளம்பற நேரம். இத ஏன் சனிக்கிழமை காலைலயே யோசிக்கலன்னு கேட்டா, உடம்புக்கு அது காலை 4 மணி. தூங்காத மூளை பக்கத்துல தெரியற கதவை மட்டும்தான் தட்டும். அது பெரும்பாலும் காசு அதிகமா பிடுங்கற கதவாத்தான் இருக்கும்.

இப்ப நான் என்ன பண்றேன்

அடுத்த தடவை போனப்போ ஒரு விஷயத்தை மாத்தினேன். விமானம் தரை இறங்கினதுல இருந்து ஹோட்டல் ரூம் வரைக்கும் உள்ள நேரத்துக்குத் தனியா ஒரு பட்ஜெட், தனியா ஒரு கவர். அதுக்குள்ள எடுக்க வேண்டிய எல்லா முடிவையும் புதன்கிழமையே வீட்ல உட்கார்ந்து எடுத்துடறது.

முதல்ல கார்டு. ரெண்டு கார்டு, ரெண்டு வேற வங்கி, ரெண்டுலயும் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணி, லிமிட்டை 30,000 மாதிரி குறைச்சு வைங்க. ஒண்ணு பர்ஸ்ல, இன்னொண்ணு பைக்குள்ள. திரும்பி வந்ததும் ஆஃப் பண்ணிடுங்க. கிரெடிட் கார்டை ஏடிஎம்ல போடாதீங்க, எடுத்த நாள்ல இருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்முக்கு டெபிட் கார்டு.

அடுத்தது சிம். டேட்டாவுக்கு ஒரு இ-சிம் போதும். ஆனா உங்க இந்திய சிம்ல ரோமிங் ஆன்ல இருக்கணும், டேட்டா ரோமிங் மட்டும் ஆஃப்ல இருக்கணும். ஓடிபி வர்றதுக்குத்தான் இது. உள்ள வர்ற எஸ்எம்எஸ்க்குப் பொதுவா காசு கிடையாது; உள்ள வர்ற கால் எடுத்தா உண்டு. உங்க பிளான்ல எப்படின்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. கிராப் ஆப்பையும் இங்கயே இறக்கி, நம்பர் சரிபார்த்து வச்சிடுங்க. அதுவும் ஓடிபி கேட்கும். யுபிஐ இருக்கே, சமாளிச்சுக்கலாம்னு மட்டும் போயிடாதீங்க.

கையில ரிங்கிட்டாவே கொஞ்சம் பணம் வேணும். ஏர்போர்ட்ல இல்ல, உங்க ஊர்ல ரெண்டு மூணு கடைல ரேட் கேட்டு மாத்துங்க. இறங்கற நாள் கவருக்கு 200 ரிங்கிட் போதும்: பஸ்ஸோ ரயிலோ, சுற்றுலா வரி, டெபாசிட், ஒரு சாப்பாடு, எல்லாம் அதுல அடங்கும். மிச்சத்தை மஸ்ஜித் இந்தியா, புக்கிட் பிந்தாங் பக்கம் இருக்கற கடைகள்ல மாத்திக்கலாம், ஏர்போர்ட்டை விட நல்ல ரேட் கிடைக்கும்.

அப்புறம் எம்டிஏசின்னு சொல்ற டிஜிட்டல் வருகைப் படிவம். மலேசியா போய்ச் சேர்ற நாளுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். அரசு இமிக்ரேஷன் தளத்துல இது முழுக்க இலவசம். தேடினா அதே மாதிரி இருக்கற போலித் தளங்களும் வரும், டாலர்ல காசு கேட்கும். காசு கேட்டாலே தப்பான இடம்னு மூடிடுங்க.

ஹோட்டல்லயோ ஏடிஎம்லயோ மெஷின் "இந்திய ரூபாயில கட்டறீங்களா?"ன்னு அன்பா கேட்கும். பார்க்க வசதியாத் தெரியும். வேண்டாம்னு சொல்லிட்டு ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்க. ரூபாயை எடுத்தா, மாத்தற ரேட்டை அந்த மெஷின் பக்கத்து ஆளு முடிவு பண்றார், அது உங்க வங்கி ரேட்டை விட மோசமா இருக்கும். அதுக்கு மேல நம்ம ஊர் வங்கிகள் சிலது தனிக் கட்டணமும் போடும்.

இப்ப மறுபடியும் அந்த மார்க்கப்புக்கு வர்றேன். வீக்கெண்ட் ட்ரிப்ல கார்டுல 5,000 ரூபாய் தேய்ச்சீங்கன்னா 4.13 சதவீதம்னா 206 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டு ஏற்கனவே இருந்தா எடுத்துட்டுப் போங்க. இல்லைன்னா ரெண்டு நாள் ட்ரிப்புக்காக புது கார்டுக்கு அப்ளை பண்ணி, வருஷக் கட்டணம் கட்டி, அலைய வேண்டாம். என் பழைய வீடியோல இத இவ்வளவு நிதானமா சொல்லல, மன்னிச்சுக்கோங்க. வேலை செய்யற சாதா கார்டு, வேலை செய்யாத ஸ்பெஷல் கார்டை விட மேல்.

இன்னொரு இடத்துலயும் கஞ்சத்தனம் வேண்டாம். என் கூட வேலை பார்க்கற தோழி போன வருஷம் தனியா போனா. ஸ்டேஷன்ல இருந்து தள்ளி இருந்த ஹோட்டல் 40 ரிங்கிட் கம்மி. அவ ஸ்டேஷன் பக்கத்துல இருந்ததையே எடுத்தா. "ராத்திரி பத்து மணிக்கு மேப்பைப் பார்த்துக்கிட்டே தெருவுல நிக்காம இருக்கறதுக்கு 40 ரிங்கிட் சீப்"னு சொன்னா. பொண்ணுங்களுக்கு மட்டும் இல்ல, முதல் தடவை போற யாருக்கும் அது சரிதான். விமானம் நள்ளிரவை ஒட்டி இறங்கற மாதிரி இருந்தா இன்னும் ஒண்ணு பாருங்க: எக்ஸ்பிரஸ் ரயில் அந்த நேரத்தோட நின்னுடும். டிக்கெட்ல 1,000 ரூபாய் மிச்சம் பிடிச்சு, ராத்திரி 1 மணிக்கு டாக்ஸில 2,000 கொடுக்கறது லாபம் இல்ல.

பணம் எங்க இருந்து வருது?

ரெண்டாவது ட்ரிப்ல எனக்கு ஆனது: டிக்கெட் போக வர 13,800, ஹோட்டல் ஒரு ராத்திரி 2,700, டிராவல் இன்சூரன்ஸ் 450, இ-சிம் 400, அங்க செலவு 340 ரிங்கிட், 20 ரூபாய் ரேட்ல 6,800. மொத்தம் 24,150. மாசம் 2,000 வீதம் ஒரு ஆர்டில 12 மாசம் போட்டு வச்சிருந்தேன், வட்டியோட சேர்த்துச் சரியா போச்சு.

இதே 24,000ஐ கார்டுல தேய்ச்சு, பில் வந்ததும் மினிமம் மட்டும் கட்டினா? மாசம் 3.5 சதவீத வட்டின்னு வச்சாலே முதல் மாசம் சுமார் 840 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி 151. ரெண்டு நாள் சுத்தினதுக்கு மாசக்கணக்கா கட்டிட்டு இருப்பீங்க. "இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க"ன்னு வர்ற ஆஃபரும் இதோட தம்பிதான். பணம் சேரலையா, ட்ரிப்பைத் தள்ளிப் போடுங்க. விசா சலுகை இப்போதைக்கு 2026 டிசம்பர் 31 வரைக்கும் சொல்லியிருக்காங்க, இந்த வாரமே ஓடணும்னு இல்ல. போறதுக்கு முன்னாடி அன்னைய விதியையும், பாஸ்போர்ட்ல 6 மாசம் மிச்சம் இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

ரெண்டாவது தடவையும் அதே பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோட்டல்தான். காலைல 8 மணிக்கே போயிட்டேன். கவர்ல இருந்து வரி 10, டெபாசிட் 50 எடுத்துக் கவுன்டர்ல வச்சேன். அதே அக்கா. என்னை ஞாபகம் இருந்ததான்னு தெரியல. நோட்டை எண்ணி உள்ள வச்சிட்டு, "ரூமுக்கு நேரம் இருக்கு தம்பி, பசியாறியாச்சா?"ன்னாங்க.